ரெண்டு மில்லிமீட்டர் பூச்சி, நூறு மில்லி பாட்டில்

"கொசுதானே? நாம பாக்காத கொசுவா?"

ஜூலையில ஸ்காட்லாந்து போறோம், மிட்ஜுக்கு எந்த ஸ்ப்ரே நல்லதுன்னு நம்மாளுங்க யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பதில் இதுதான். கூடவே ஒரு சிரிப்பு. கூவம் ஓரத்துல வளந்தவன், வாய்க்கால் மேட்டுல பாய் விரிச்சுத் தூங்கினவன், இவனை வெள்ளைக்காரன் ஊர்ப் பூச்சி என்ன பண்ணிடப்போகுதுன்னு ஒரு தெனாவட்டு.

எங்க வீட்டுலயும் அப்படி ஒரு தெனாவட்டுக்காரர் இருக்கார். பேர் வேண்டாம். என் பொண்ணுக்கு அப்பா.

மிட்ஜ் கொசு இல்லீங்க. தூரத்துச் சொந்தம்னு வேணா வச்சுக்கலாம். ஹைலேண்ட் மிட்ஜோட அறிவியல் பேரு கூலிகாய்டஸ் இம்பங்டேட்டஸ் (பேரு மட்டும்தான் பெருசு). மொத்த உடம்பே ரெண்டு மில்லிமீட்டர்கிட்டதான். கொசு ஒண்ணு ரெண்டா வரும், காதுகிட்ட பாடும், குறி பாத்து அடிச்சா சாகும். மிட்ஜ் பாடாது. மொத்தமா வந்து இறங்கும். கையால துடைச்சா ஒரு கும்பல் சாகும், அடுத்த கும்பல் அதே இடத்துல உக்காந்திருக்கும். தலைமுடிக்குள்ள போகும், காது மடலுக்குப் பின்னாடி போகும், புருவத்துல நடக்கும். வாயைத் திறந்து திட்டினா வாய்க்குள்ளயும் போகும்.

கடிக்கிற விதமும் வேற. கொசு ஊசி போட்டு உறிஞ்சும். இது தோலை நுணுக்கமா வெட்டி, அங்க ஊறி வர்ற ரத்தத்தைக் குடிக்கும். அதனாலதான் அந்த எரிச்சல்.

கடிக்கிறது பொம்பள மிட்ஜ் மட்டும். முதல் தடவை முட்டை போட அதுக்கு ரத்தமே தேவையில்ல, அடுத்த தடவைக்குத்தான் வேணும். அதனால ஆள் நடமாட்டமே இல்லாத சதுப்பு நிலத்துலகூட கோடிக்கணக்குல பெருகிக் கிடக்கும். மே கடைசியில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் சீசன். உச்சம் ஜூலை, ஆகஸ்ட். பிள்ளைங்களுக்கு லீவு விடுறதும் அப்பத்தான். மேற்குக் கரைதான் கோட்டை: கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம், ஸ்கை தீவு. நாம ஃபோட்டோ பாத்து ஆசைப்பட்டு புக் பண்ற ஊர் எல்லாம் வரிசையா அதே பக்கம்தான்.

ஒரே ஒரு ஆறுதல். ஸ்காட்லாந்து மிட்ஜ் கடிச்சு மனுஷனுக்கு எந்த நோயும் பரவுறது இல்ல. மலேரியா, டெங்கு பயமெல்லாம் கிடையாது. (ஆட்டுக்குத்தான் கஷ்டம். இதோட இன்னொரு சொந்தக்காரப் பூச்சி ப்ளூடங்னு ஒரு நோயைப் பரப்பும்.) ஆக இது உயிர்ப் பிரச்சினை இல்ல, நிம்மதிப் பிரச்சினை. ஸ்ப்ரே வாங்குறப்ப இதை மறந்துடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

அம்மா திருநெல்வேலியிலேர்ந்து வந்திருந்தாங்க. லண்டன்ல எங்க வீட்டு ஜன்னலையே எத்தனை நாள் பாப்பாங்க, ஸ்கை தீவுக்குக் கூட்டிட்டுப் போவோம்னு முடிவாச்சு. இன்வெர்னஸ் வரைக்கும் விமானம், அப்புறம் வாடகைக் கார். டிக்கெட்டு மலிவுன்னு கேபின் பை மட்டும்தான். அதாவது திரவம் எல்லாம் நூறு மில்லிக்குள்ள, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள்ள.

அந்தச் சின்னப் பைக்குள்ள என்னோட சன்ஸ்கிரீன், பொண்ணோட லோஷன், அம்மாவோட தேங்காய் எண்ணெய், அவரோட ஷேவிங் ஜெல் எல்லாம் முட்டி மோதிட்டு இருக்கு. இதுல பூச்சி விரட்டிக்கு எவ்ளோ இடம் குடுக்கலாம்? என் ஆராய்ச்சி அங்கதான் ஆரம்பிச்சுது.

மலையேறுற சாமான் விக்கிற கடையில அந்த அலமாரி முன்னாடி நின்னிருக்கீங்களா? எல்லா பாட்டிலும் கத்துது. 'அதிகபட்ச வலிமை'ங்குது ஒண்ணு. 'அமேசான் காட்டுக்கே ஏத்தது'ங்குது இன்னொண்ணு. 20, 30, 50, 95னு சதவீதம் வேற. நம்ம ஆள் நேரா 50க்குக் கையை நீட்டினார். பரீட்சை மார்க் பாத்துப் பழகின கண்ணு, பெரிய நம்பர் தெரிஞ்சா போதும்.

அந்த சதவீதம் டீட்ங்கிற விரட்டி மருந்தோட அளவு. டீட் விஷயத்துல அந்த நம்பர் வலிமை இல்ல, நேரம். இருபது சதவீதம் பூசினாலும் அம்பது பூசினாலும் பூச்சி ஒரே அளவுலதான் விலகும், அம்பது அதிக நேரம் நிக்கும், அவ்ளோதான். அம்பதைத் தாண்டிட்டா நேரமும் பெருசா கூடாது. 95 சதவீத பாட்டில் வாங்குறவங்க அந்த மிச்சத்தை எதுக்கு வாங்குறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. பிரிட்டன் சுகாதாரத் துறையும் பயணம் போறவங்களுக்கு அம்பது வரைக்கும் போதும்னுதான் சொல்லுது. அந்த அம்பதும் மலேரியா நாட்டை மனசுல வச்சுச் சொல்றது.

டீட்டைக் குறை சொல்லலை. காட்டுச் சண்டை அனுபவத்துக்கு அப்புறம் அமெரிக்க ராணுவத்துக்காக 1940கள்ல உருவாக்கினது, 1957லேர்ந்து பொதுமக்கள் கைக்கு வந்துச்சு. அன்னிலேர்ந்து எவ்ளோ ஜனம் பூசியிருக்கும்! ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போறீங்கன்னா தயங்காம வாங்குங்க.

ஆனா அதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வாட்ச் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி பிரேம், நகப்பூச்சு, பெயின்ட் எல்லாத்தையும் ஒரு கை பாத்துடும். துணியில பருத்தி, கம்பளி, நைலான் தப்பிக்கும். ரேயானும் ஸ்பான்டெக்ஸும் மாட்டிக்கும். அதாவது அம்மாவோட பருத்திப் புடவைக்கு ஆபத்தில்ல, என் லெக்கிங்ஸுக்குத்தான் ஆபத்து. (இதைச் சொன்னதும் அம்மா முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு. வருஷக்கணக்கா நடக்கிற புடவை விவாதத்துல ஒரு பாயின்ட் போச்சு.)

நம்ம ஆள் அம்பது சதவீதத்தைக் கையில தாராளமா அடிச்சுட்டு, அதே விரலால கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினார். அந்த பிரேம்ல அவரோட கட்டைவிரல் ரேகை இன்னிக்கும் இருக்கு. பத்திரப்பதிவு ஆபீஸ்ல காட்டலாம்.

சரி, மிட்ஜுக்கு நான் எதைச் சொல்வேன்?

பிகாரிடின். இகாரிடின்னும் லேபிள்ல போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். 1980கள்ல ஜெர்மனியில பேயர் கம்பெனி கண்டுபிடிச்சது. மிளகுக்குக் காரம் குடுக்கிற பைபரின்னு ஒண்ணு இருக்கில்ல, அதுக்கு உறவான வேதிப்பொருள். நேரா மிளகுலேர்ந்து எடுக்கிறது இல்ல, ஆலையில பண்றதுதான். அம்மாகிட்ட இதைச் சொன்ன நிமிஷத்துலேர்ந்து அவங்களுக்கு அந்த ஸ்ப்ரே 'மிளகு மருந்து' ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி கையாலயே தொட மாட்டேன்னாங்க, அப்புறம் அவங்களே கேட்டு வாங்கிப் பூசிக்கிட்டாங்க. ஒரு பொருளை நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட விக்கணும்னா அஞ்சறைப்பெட்டி வழியா வரணும்!

பிகாரிடின் பிளாஸ்டிக்கைத் தொடாது. பிசுபிசுப்பு குறைவு. வாசனைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. இருபது சதவீதம் இருக்கிறதைப் பாத்து வாங்குங்க, பத்துன்னா சீக்கிரம் போயிடும். உண்ணிக்கும் இது உதவும். ஸ்காட்லாந்துல புல்லு, பெரணிச் செடி நடுவுல நடக்கிறவங்க மிட்ஜைவிட உண்ணிக்குத்தான் பயப்படணும், லைம் நோய் அது வழியாத்தான் வரும். ஸ்காட்லாந்துக்காரங்களே பண்ற ஸ்மிட்ஜ்ங்கிற ஸ்ப்ரேயில இருக்கிறதும் இதே பிகாரிடின்தான். 75 மில்லி பாட்டில், பம்ப் மூடி. கேபின் பைக்குன்னு தைச்ச அளவு.

அப்போ டீட்டைவிட இதுதான் பலம் அதிகமான்னு கேப்பீங்க. அப்படிச் சொல்ல வரலை. முன்னாடி நிம்மதிப் பிரச்சினைன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான் வர்றேன். மிட்ஜுக்கு மருந்து ஒரு தடவை பூசி முடியற வேலை இல்ல. மழை வரும், துடைப்பீங்க. ஏறுவீங்க, வேர்க்கும். முகம் கழுவுவீங்க. மறுபடி பூசணும், மறுபடி பூசணும். சட்டைக் காலர்லேர்ந்து காது வரைக்கும், முடி ஆரம்பிக்கிற கோடு வரைக்கும் ஒரு விரல் இடம் விடாம பூசணும், ஏன்னா அந்த விட்ட இடத்தை அது கண்டுபிடிச்சுடும். இவ்ளோ தடவை பூசுற பொருள் நாறக்கூடாது, ஒட்டக்கூடாது, கையில பட்டதை நினைச்சுப் பயந்துக்கிட்டே இருக்கக்கூடாது. பூசப் பிடிக்காத மருந்து பைக்குள்ளயேதான் கிடக்கும்.

பைக்குள்ளன்னதும் ஞாபகம் வருது.

நடந்துக்கிட்டே இருந்தா மிட்ஜ் நம்ம கூட வர முடியாது. அதோட வேகம் அவ்ளோதான். நிக்கிற நிமிஷம்தான் பிரச்சினை. பஸ் நின்னவுடனே முறுக்கு, வெள்ளரிக்கா, தண்ணி பாட்டில்னு ஜன்னலுக்கு ஜன்னல் மொய்ப்பாங்களே, அதேதான். ஃபோட்டோ எடுக்க நின்னா வரும். ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா வரும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சா வரும். நாம விடுற மூச்சுக்காத்தோட வாசனையைப் பிடிச்சுத்தான் அது வருது, அதனால மூச்சு வாங்க ஏறி வந்து நிக்கிற ஆள்னா அதுக்குக் கொண்டாட்டம்.

அதனால பாட்டில் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போகுதா, ஒத்தைக் கையால அழுத்தி அடிக்க முடியுதா, மூடி திறந்துக்கிட்டு ஒழுகுதான்னு பாருங்க. எனக்கு சதவீதத்தைவிட இது முக்கியம். கிளென்கோவுல மூணு மலை வரிசையா நிக்கிற இடம் இருக்கே, எல்லாரும் காரை நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிற இடம். காத்தே இல்ல. லேசான தூறல். வானம் மூடியிருக்கு. மிட்ஜுக்குப் பிடிச்ச வானிலை அது. எங்களைத் தவிர அங்க இறங்கின எல்லாரும் கையை வீசிக்கிட்டே காருக்கு ஓடுறாங்க. என் பாக்கெட்டுல பாட்டில் இருந்துச்சு. நம்ம ஆளோட 'அமேசான்' பாட்டில் டிக்கியில, சூட்கேஸுக்குள்ள, சாக்ஸுக்கு அடியில.

டிக்கியைத் திறந்து தேட ஆரம்பிச்சார்.

"மாப்ள, கதவை மூடுங்க, எல்லாம் உள்ள வருது!"ன்னு அம்மா கத்துறாங்க. திறந்த டிக்கி வழியா மிட்ஜ் பரிவாரம் காருக்குள்ள குடியேறியாச்சு. "ஆச்சி, தலையில போத்திக்கோங்க"ன்னு பொண்ணு முந்தானையை இழுத்து விடுறா. அந்த நாள்லேர்ந்து நாம பாக்காத கொசுவாங்கிற வசனம் எங்க வீட்டுல கேக்கலை.

ஏரோசால் டப்பாவைப் பத்திக் கேட்டா, ஊர்ல இருந்தா பரவால்ல, பயணத்துக்கு வேண்டாம்பேன். பாதி காத்துல போயிடும். அதுவும் அழுத்தத்துல அடைச்ச டப்பா, அளவு பெருசு, செக்யூரிட்டியில நிறுத்துவாங்க. இன்னொண்ணு, நூறு மில்லிங்கிறது பாட்டில் அளவு. 150 மில்லி பாட்டில்ல அடியில கொஞ்சூண்டுதான் இருக்குன்னு நீங்க வாதாடினாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். (இப்போ சில விமான நிலையங்கள்ல புது ஸ்கேனர் வந்து விதியைத் தளர்த்தியிருக்காங்க. போற ஊர்ல தளர்த்தி, திரும்புற ஊர்ல தளர்த்தலைன்னா? அதனால நூறுக்குள்ளயே நில்லுங்க.) ஈரத்துணி வடிவத்துலயும் விரட்டி வருது. திரவப் பையில இடம் பிடிக்காது, பிள்ளைங்க முகத்துல பூச ரொம்ப வசதி. ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணு தீந்துடும், விலையும் சாஸ்தி. அவசரத்துக்குன்னு கொஞ்சம் வச்சுக்கிட்டேன்.

அம்மா பையில நீலகிரித் தைலம் இருந்துச்சு. இல்லாம இருக்குமா?

அதோட வாசனைக்கே பூச்சி ஓடிடும்ங்கிறது அவங்க கட்சி. இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா கடையிலயும் இந்தக் குழப்பம் இருக்கு. 'எலுமிச்சை யூகலிப்டஸ்'னு போட்ட விரட்டிங்க உண்டு. அதுல வேலை செய்யற பொருளுக்கு பிஎம்டின்னு பேரு. எலுமிச்சை வாசனை வர்ற ஒரு தைல மரத்தோட எண்ணெயைப் பக்குவம் பண்ணி அந்தப் பொருளை அதிகமாக்கி எடுக்கிறாங்க. அது நல்லாவே வேலை செய்யும், செடி வழி வந்ததுதான் வேணும்ங்கிறவங்களுக்கு என் சிபாரிசு அது (மூணு வயசுக்குக் கீழ குழந்தைக்கு வேண்டாம்). நம்ம ஊட்டித் தைலம் வேற மரம், வேற எண்ணெய். மூக்கடைப்புக்கு தெய்வம். மிட்ஜுக்கு அதை நம்பி இறங்காதீங்க. ரெண்டு பாட்டில்லயும் யூகலிப்டஸ் இலைப் படம் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்னாடி பொடி எழுத்துல பிஎம்டி இருக்கான்னு படிங்க.

சிட்ரோனெல்லாவும் அப்படித்தான். எலுமிச்சம்புல் குடும்பத்துப் புல்லு, இலங்கை வகைன்னே ஒண்ணு அதுல பேர் போனது. வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா சீக்கிரம் ஆவியாப் போயிடும். அரை மணிக்கு ஒரு தடவை பூச நேரமிருக்கிறவங்களுக்கு நல்லது.

இன்னொரு ரகசியம் ஸ்காட்லாந்துல எல்லாரும் காதுகிட்ட வந்து சொல்வாங்க: ஏவான் கம்பெனியோட ஸ்கின் ஸோ ஸாஃப்ட். குளிச்சு முடிச்சுப் பூசிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே அது. மீன் பிடிக்கிறவங்க, காட்டுல வேலை பாக்கிறவங்கன்னு பல பேரு அதைத்தான் பூசறாங்க, கடற்படை வீரர்களே பூசறாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா உண்டு. தாடி வச்ச முரட்டு ஆம்பளைங்க எல்லாம் குளியல் எண்ணெய் வாசனையோட மலையேறுற காட்சியை நினைச்சாலே எனக்கு அந்த ஊரைப் பிடிச்சுப்போச்சு. அதை விரட்டின்னு சொல்லி விக்கிறது இல்ல, சருமத்துக்குன்னுதான் விக்கிறாங்க. நானும் சருமத்துக்குன்னே வாங்கினேன், குளிர்ல வெடிச்ச முழங்கைக்கு.

அல்ட்ராசவுண்ட் கருவி, கைக்கு மாட்டுற வளையம் இதெல்லாம் கேக்காதீங்க. சத்தம் போட்டுப் பூச்சி விரட்டுற கருவிங்களைப் பத்தின கள ஆய்வுகளை எல்லாம் சேத்துவச்சு 2007ல காக்ரேன் குழு ஒரு அலசல் போட்டுச்சு. கொசுக்கடி கொஞ்சம்கூடக் குறையலைன்னு முடிவு. கொசுவே கண்டுக்காத கருவியை மிட்ஜுக்குன்னு நான் காசு குடுத்து வாங்க மாட்டேன். கை வளையம் போட்டா மணிக்கட்டு தப்பிக்கலாம், மத்த உடம்பு?

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன். ஃபேன்.

ஸ்கை தீவுல நாங்க தங்கின வீட்டுக்கு முன்னாடி ஒரு மர பெஞ்சு. அதுல உக்காந்தா கூலின் மலை மொத்தமும் தெரியும். சாயங்காலம் டீயோட வெளிய உக்காரணும்னு அம்மாவுக்கு ஆசை. ஆனா சாயங்காலம்தான் மிட்ஜோட ஆபீஸ் நேரம் (விடியக்காலையும்). வெயில் நேரா அடிச்சா ஒதுங்கிடும், காத்து மணிக்கு பதினொரு கிலோமீட்டருக்கு மேல வீசினா பறக்கவே முடியாது. அன்னிக்கு ரெண்டும் இல்ல.

"ஏளா, இந்த வீட்டுல ஒரு ஃபேன் கிடையாதா?"

அம்மா, பதிமூணு டிகிரிம்மா. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. ஸ்காட்லாந்துல யாரும்மா ஃபேன் வைப்பாங்க?

"காத்து அடிச்சா வராதுன்னு நீதானளா சொன்ன?"

பதில் சொல்ல வாயில்ல எனக்கு. பொண்ணோட பையில சார்ஜ் போடுற குட்டி ஃபேன் ஒண்ணு இருந்துச்சு, லண்டன் ட்யூப் ரயில் வெக்கைக்கு வாங்கினது. அதை பெஞ்சு மேல வச்சுத் திருப்பி விட்டோம். மப்ளர், ஸ்வெட்டர், சாக்ஸ், கால்ல போர்வை, மூஞ்சிக்கு நேரா ஃபேன். டீ ரெண்டு நிமிஷத்துல ஆறிப்போச்சு. ஆனா அந்த ஃபேன் வீசுற வட்டத்துக்குள்ள ஒரு மிட்ஜ் அண்டலை. அம்மா உக்காந்து டீயைக் குடிச்சு முடிச்சாங்க. வட்டத்துக்கு வெளிய நின்னு ஃபோட்டோ எடுத்த மாப்பிள்ளைதான் கடி வாங்கினார்.

பெருசா எடை இல்ல, திரவப் பையில இடம் வேண்டாம், எத்தனை தடவை போட்டாலும் தீராது. நடக்கிறப்ப உதவாது, ஒரு இடத்துல உக்காரத்தான். பயணச் சாமான் பட்டியல்ல இதை யாரும் எழுதி நான் பாக்கலை. (ஃபேன் இல்லாம இருக்க முடியாத இனம் நாம. கடைசியில அதுவே கை குடுத்துச்சு.)

இந்தக் காத்துக் கணக்கை வச்சே ஊருக்கு ஊர் மிட்ஜ் நிலவரம் சொல்ற வரைபடமும் உண்டு, அந்த ஸ்மிட்ஜ்காரங்களே போடுறாங்க. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். அஞ்சுன்னா நாங்க கடலோரம் போயிடுவோம், அங்க எப்பவும் காத்து இருக்கும். உள்ளடங்கின பள்ளத்தாக்கு, ஓடைக்கரை, மரத்தடி எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டு காட்டுற நாளுக்கு வச்சுக்கிட்டோம். வானிலை பாத்துட்டுப் போறவங்க இதையும் ஒரு கண் பாத்துட்டுப் போங்க.

பிள்ளைங்க இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம். சன்ஸ்கிரீன் முதல்ல, அது காஞ்சதும் மேல விரட்டி. மாத்திப் போடாதீங்க. ரெண்டும் ஒரே பாட்டில்ல கலந்து வர்றதை நான் வாங்கறது இல்ல, ஏன்னா ரெண்டையும் ஒரே இடைவெளியில பூச வேண்டியதில்ல. பிள்ளை முகத்துல நேரா அடிக்காம உங்க கையில அடிச்சுப் பூசுங்க. அவங்க உள்ளங்கையில வேண்டாம், அடுத்த நிமிஷம் அது கண்ணுக்குப் போகும், இல்ல பிஸ்கட்டுக்குப் போகும். வெளிர் நிறத்துல முழுக்கைச் சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகுறது. என் பொண்ணுக்கு இதுல ஃபேஷன் பிரச்சினை. "ஃபோட்டோவுல கேவலமா இருக்கும்மா"ன்னா. கடிச்ச தடிப்போட இருக்கிற ஃபோட்டோ ஒண்ணைக் காட்டினேன் (அவங்க அப்பாவோடது). சொருகிக்கிட்டா.

மீறியும் கடிக்கத்தான் செய்யும். சொறியாதீங்கன்னு சொல்றது சுலபம். குளிர்ந்த தண்ணித் துணி ஒத்தடம், செடிரிசின் மாத்திரை, ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம். மருந்துக்கடையில சீட்டு இல்லாம கிடைக்கும் (சின்னப் பிள்ளைக்கு, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு மருந்தாளர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க). அம்மா தைலத்தைத் தடவிக்கிட்டாங்க, அரிப்பு போச்சுன்னாங்க. அதை எதிர்த்து நான் ஒண்ணும் பேசலை.

கடைசியா, எல்லாத்தையும் இங்கிருந்தே தூக்கிட்டுப் போகணும்னு இல்ல. ஜூலையில ஹைலேண்ட்ஸ்ல பெட்ரோல் பங்க், தபால் ஆபீஸோட ஒட்டின பலசரக்குக் கடை, முகாம் வரவேற்பறை எல்லா இடத்துலயும் விரட்டி தொங்கும். ஒரு 75 மில்லி பாட்டில் மட்டும் பையில வச்சுக்கிட்டு, தீந்தா அங்க வாங்குங்க. தலையில மாட்டுற வலையையும் அங்கயே வாங்குறது உத்தமம். நம்ம ஊர்க் கொசுவலைக் கண்ணுக்குள்ள மிட்ஜ் சுலபமா புகுந்துடும், மிட்ஜுக்குன்னே பண்ணின பொடிக்கண் வலைதான் வேணும். முன்பக்கம் விளிம்பு உள்ள தொப்பி மேல போடுங்க, வலை மூக்குல ஒட்டினா ஒட்டின இடத்துல கடிக்கும். கறுப்பு வலையா பாத்து எடுங்க. கறுப்புன்னா மிட்ஜுக்குப் பிடிக்குமாம், இருந்தாலும் வெள்ளை வலை வழியா வெளிய ஒண்ணும் தெரியாது, மலை பாக்கத்தானே அவ்ளோ தூரம் போறோம்.